பலகணித் தொட்டிகளில் தேன்சிட்டுகளை வரவழைத்தல்

மலரின் முன் ஆகாயத்தில் அசையாது நின்று தேன் பருகும் ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. அவற்றிற்காக அந்நாட்டார் பலகணிகளில் பூத்தொட்டிகளும் சர்க்கரை நீர்ப் புட்டிகளும் வைப்பது வழக்கம். நம் நாட்டில் அவ்விடத்தை வகிப்பது தேன்சிட்டு. இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது; பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்தே உண்ணும். ஆகையால் அமெரிக்க முறையை அப்படியே கைக்கொள்ளாமல், நம் பறவையின் இயல்பறிந்து செயற்படுதல் வேண்டும்.

இனங்கள்: நம் பக்கத்தில் சாதாரணமாய்க் காணப்படுவன மூன்று. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்க காலத்தில் கருநீலமாய்ப் பளபளக்கும். ஏனைய காலத்தில் மஞ்சள் மார்பின் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் தெரியும். லோட்டன் தேன்சிட்டின் அலகு நீண்டு வளைந்தது.

தொட்டி: பீங்கான் தொழில் நடைபெறும் விருத்தாசலத்தில் தொட்டிக்குக் குறைவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெருகிடாத மண்தொட்டியின் பக்கங்கள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாயிருக்கும்; மெருகிட்ட பீங்கானில் அங்ஙனம் நிகழாது. ஆகவே பீங்கான் தொட்டியில் அடித்துவாரம் இன்றியமையாதது. இல்லையேல் வேர் அழுகும். இரண்டடி நீளம், முக்காலடி ஆழமுள்ள தொட்டி போதும். அடியில் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, செம்மண், மணல், மக்கிய தொழு எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புக. அக்கினி நட்சத்திர நாட்களில் காலை மாலை இருவேளையும் நீர் விடுக.

செடிகள்: இட்லிப்பூ, கனகாம்பரம், கற்றாழை ஆகியவை சிறு தொட்டிக்கு ஏற்றன. செம்பருத்திக்கும் ஹமேலியாவிற்கும் பெரிய தொட்டியும் அடிக்கடி கத்தரித்தலும் தேவை. ஹமேலியா, ரீங்காரச் சிட்டின் தாயகமான அமெரிக்காவிலிருந்தே வந்தது. இங்கே அதன் தேனைத் தேன்சிட்டு அனுபவிக்கிறது. அடுக்குப் பூக்களைவிட ஒற்றையிதழ்ப் பூக்களே நல்லவை. பறவை அமர்வதற்கு ஒரு மூங்கிற் குச்சியைத் தொட்டியில் ஊன்றுக. நீளமான பூக்களின் அடியைத் துளைத்துத் தேன் எடுப்பதும் உண்டு. அதனாற் செடிக்குத் தீங்கில்லை.

சர்க்கரை நீர்: நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை என்பது அமெரிக்கர் கொள்ளும் அளவு. நானும் ஒரு சித்திரை மாதத்தில் அவ்வாறே புட்டி கட்டினேன். இரண்டாம் நாளே நீர் புளித்தது, எறும்பு மொய்த்தது, தேனீக்கள் விழுந்து மாண்டன. சிட்டோ பக்கத்திலிருந்த இட்லிப்பூவையே நாடியது. வைத்தே தீர வேண்டுமென்போர் நாள்தோறும் புட்டியைக் கழுவி மாற்றுக. சாயமும் தேனும் சேர்க்கலாகாது. பூச்செடியும், குளிப்பதற்கு நனைந்த இலைகளும் இருப்பின் புட்டி வேண்டுவதில்லை.

மருந்து தெளித்தல்: தேன்சிட்டு தேனை மட்டும் உண்பதன்று. சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் உண்ணும்; குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டும். இதனை நூலிற் படித்திருந்தும் நான் பிழை செய்தேன். எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டவுடன், வயலுக்குரிய பூச்சிமருந்தைத் தெளித்தேன். ஐந்தடி தூரத்தில், வாயில் மின்விளக்குக் கம்பியில், சிலந்தி நூலாற் பின்னிய கூடு தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். தாய் அச்செடியிலேயே இரை தேடியது. மறுநாள் மாலைக்குள் இரு குஞ்சுகளும் இறந்தன. மருந்தினாலன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஊராருக்கு மருந்தளவு சொல்லும் பணியிலுள்ளவன் செய்த பிழை இது. பிறர் செய்யாதிருக்கவே எழுதுகிறேன்.

வீட்டுத் தொட்டிகளில் மாவுப்பூச்சியை ஈரத்துணியாற் துடைத்தெடுக்கலாம். நீரை வேகமாய்ப் பீய்ச்சியும் நீக்கலாம். மிகத் தாக்குண்ட கிளையை வெட்டி எரிக்கலாம். அருகே கூடு காணின், முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரமும் பொறுத்திருக்க வேண்டும். ஒரு மாதப் பொறுமையாற் செம்பருத்தி அழிந்துவிடாது.

பயனும் எச்சரிக்கையும்: முருங்கை, வாழை முதலியவற்றின் பூக்களை இப்பறவை நாடுகிறது. மாமரத்தைக் கெடுக்கும் புல்லுருவியின் பூவிற்கு மகரந்தம் சேர்ப்பதும் இதுவே. அதன் விதையைப் பரப்புவதோ பூக்கொத்தி என்னும் வேறு சிட்டு. இதற்காகப் பறவையை விரட்டுதல் தகாது. புல்லுருவியைக் காய்ப்பதற்கு முன், பற்றிய இடத்திற்குக் கீழே கிளையோடு வெட்டி நீக்குவதே பரிகாரம்.

கண்ணாடிப் பலகணியில் தன் நிழலைப் பகைவனென்றெண்ணி ஆண் சிட்டு மோதுவதுண்டு. உட்புறம் திரையிட்டால் வெளியே நிழல் மறையாது. கண்ணாடியின் வெளிப்புறத்தே துணி தொங்கவிடுக. ஒரு தொட்டி, இரண்டு செடி, மருந்தில்லாத ஒரு மூலை: இம்மூன்றும் அமைந்தால் சிட்டு தானே வரும்.