மார்கழிக் குளிர்: அடுப்பை மூட்டும் முன் வெப்பமானியைச் சரிபாருங்கள்

பனி இறங்கிவிட்டது. ஓசூரைச் சுற்றியுள்ள தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி பக்கம் மார்கழி, தை இரவுகளில் வெளியே 15 டிகிரிக்கும் கீழே போவது வழக்கம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளி விவசாயி இந்த இரண்டு மாதமும் பட்டுப்புழுவை ஜன்னலைத் திறந்து மூடியே வளர்த்துவிடுவார், நம்மால் முடியாது. வளர்ப்பு மனைக்குக் கரியடுப்போ விறகடுப்போ வேண்டும். அடுப்பு எல்லோரிடமும் இருக்கிறது. உள்ளே சூடு எவ்வளவு என்று சரியாகச் சொல்லும் வெப்பமானிதான் பல மனைகளில் இல்லை.

பட்டுப்புழு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத உயிர். காற்று எவ்வளவோ, அதன் உடம்பும் அவ்வளவு. முதல் இரண்டு பருவத்துக்கு 27, 28 டிகிரி வேண்டும். மூன்றாம் பருவத்துக்கு 26, நான்காவதற்கு 25, ஐந்தாவதற்கு 24 போதும். 20-க்குக் கீழே போனால் புழு இலையைத் தொடாமல் கிடக்கும், தோலுரிப்பு முன்பின்னாகும், வளர்ப்பு நாள் நீளும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் புழு விறைத்து வெள்ளை பூத்துச் சாகும் சுண்ணாம்புக்கட்டு நோய் வரும். பருவத்துக்குப் பருவம் ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். மூன்று டிகிரி கூட்டிக் காட்டும் வெப்பமானியை நம்பி அடுப்பை அணைத்தவர், 25 என்று நினைத்துக்கொண்டு 22-ல் புழுவை வைத்திருக்கிறார். ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் கூடு எடை குறைந்து நிற்கும்போது இலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதை வாங்குவது? என் தீர்ப்பு: சிவப்புத் திரவம் உள்ள சாதாரணக் கண்ணாடி அறை வெப்பமானி, ஒரு டிகிரிக்கு ஒரு கோடு தெளிவாகப் போட்டது. கடையில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்காதீர்கள். ஏழெட்டை ஒரே இடத்தில் கால் மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை ஒரே அளவைக் காட்டும். விலகி நிற்பதை விட்டுவிட்டு, ஒத்துப்போகும் கூட்டத்திலிருந்து மூன்றை எடுங்கள். திரவக் கோடு நடுவே துண்டுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். துண்டுபட்டது பொய்தான் சொல்லும். பாதரச வெப்பமானி வேண்டாம். உடைந்தால் அந்த நஞ்சு மனையை விட்டுப் போகாது. பாதரசக் கழிவால் கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்ட கதை நம் மாநிலத்துக்குத் தெரியும்.

விறகடுப்புப் புகைக்குழாயில் காந்தத்தால் ஒட்டும் வட்டமுக மானி, குழாயின் சூட்டைத்தான் சொல்லும். அறைக் காற்றுக்கு அது உதவாது. துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு மானியும் அப்படித்தான்: மேற்பரப்பைத்தான் அளக்கும், பளபளக்கும் தகரத்தில் குறைத்தும் காட்டும்.

வாங்கியதை உடனே சோதியுங்கள். நல்ல தண்ணீரில் செய்த ஐஸைப் பொடித்து ஒரு டம்ளர் நிறையப் போடுங்கள், இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். குமிழ் நடுவில் இருக்கும்படி செருகி, மெல்லக் கலக்கி, ஐந்து நிமிடம் பொறுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டினால் அந்தக் கணக்கை வெப்பமானியின் தலையில் சீட்டு ஒட்டி எழுதிவையுங்கள். அதற்கு மேல் விலகினால் கடைக்குத் திருப்புங்கள். கொதிநீரில் சோதிக்கவே கூடாது. அறை வெப்பமானியில் அளவு 50 டிகிரியோடு முடிகிறது, குமிழ் வெடித்துவிடும். தவிர, ஓசூர் உயரத்தில் தண்ணீர் 100-ல் கொதிப்பதில்லை, சுமார் 97-லேயே கொதித்துவிடும். வீட்டில் யாராவது சிப்காட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தால் கேலிபரேஷன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஆலையின் சரிபார்த்த மானியோடு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

தொங்கவிடும் இடம் முக்கியம். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் குளிர், அடுப்புக்கு எதிரே மாட்டினால் அனல். புழு இருக்கும் தட்டின் உயரத்தில், அடுப்பிலிருந்தும் கதவிலிருந்தும் தள்ளியிருக்கும் தாங்கியில் கட்டுங்கள். சூடு மேலே ஏறும் என்பதால் மேல் தட்டுக்கு ஒன்று, கீழ்த் தட்டுக்கு ஒன்று வேண்டும். விடியலுக்கு முந்திய நேரம்தான் மிகக் குளிரானது. அப்போது எழ முடியாதவர்கள் இரவின் மிகக் குறைந்த அளவைப் பதித்து வைக்கும் உச்ச-நீச வெப்பமானி ஒன்றை வாங்கலாம்.

அடுப்பு காற்றை உலர்த்திவிடும், இளம்புழுவுக்கோ 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். சரிபார்த்த மூன்றாவது வெப்பமானியின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனி எப்போதும் தண்ணீரில் இருக்கும்படி விடுங்கள். உலர்ந்தது 27, ஈரமானது 25 என்றால் ஈரப்பதம் சுமார் 85. உலர்ந்தது 25, ஈரமானது 22 என்றால் சுமார் 77. டிஜிட்டல் ஈரப்பதமானி வைத்திருப்பவர்கள், நீர் விட்டுக் குழைத்த சமையல் உப்புக் கிண்ணத்தோடு அதை இறுக மூடிய டப்பாவுக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75-ஐ ஒட்டிக் காட்டினால் நம்பலாம். சந்தேகம் இருந்தால் பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தில் கேளுங்கள்.

வெப்பமானி காட்டாத ஒன்று இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். கரியை வெளியே மூட்டி, புகை அடங்கிக் கனலான பிறகே உள்ளே கொண்டுபோங்கள். கனலிலிருந்தும் இந்த வாயு வரும் என்பதால் மேல் சாளரம் கொஞ்சமாவது திறந்தே இருக்கட்டும். விறகென்றால் அடுப்புவாய் மனைக்கு வெளியே, புகை குழாய் வழியே கூரைக்கு மேலே. குளிர் என்று பிள்ளைகளையோ வேலையாட்களையோ கரியடுப்பு எரியும் மனைக்குள் படுக்க வைக்காதீர்கள். உள்ளே போனவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் குளிர்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே வெளியே திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.