அது கட்டியும் இல்லை, காயமும் இல்லை

கேள்வி: தங்காக்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். வேலியோரம் வரும் பெரோக் (பன்றிவால் குரங்கு) கூட்டத்தில் ஒரு பெண் குரங்குக்குப் பின்பக்கம் பெரிதாக வீங்கிச் சிவந்திருக்கிறது. போன மாதமும் இப்படித்தான் இருந்தது. நடுவில் வற்றிப்போய், இப்போது மறுபடி வீங்கிவிட்டது. புற்றுக்கட்டி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். பிரசவ நேரம் என்கிறார் என் மாமியார். பிடித்து மருந்து போடலாமா? டிவியில் பார்த்த ஹவுலர் குரங்குக்கு இப்படி எதுவும் இல்லையே?
– வாசகி, தங்காக்

பதில்: மருந்துக்கு வேலையே இல்லை, சகோதரி. வீங்கியது, வற்றியது, மறுபடி வீங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புற்றுக்கட்டி அப்படித் தானாக வற்றிவிட்டு மாதம் பார்த்துத் திரும்பி வராது. நீங்கள் பார்ப்பது ஆரோக்கியமான பெண் குரங்கின் மாதச் சுழற்சி.

பெரோக்கின் பிறப்புறுப்பைச் சுற்றியும் வாலடியிலும் உள்ள தோல் ஹார்மோனுக்கு உடனே அசைந்து கொடுக்கும். சினைப்பையில் முட்டை முதிரும் நாள்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. அப்போது அந்தத் தோல் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உப்புகிறது. மடிப்புகள் விரிந்து, பளபளவென்று இளஞ்சிவப்பாகிறது. முட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது வீக்கம் உச்சத்தில் இருக்கும். அதன்பின் புரோஜெஸ்டிரோன் ஏற, சில நாளில் நீர் வடிந்து தோல் சுருங்கிவிடும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 30 முதல் 40 நாள் ஆகும்.

மாமியார் சொன்னதற்கு நேர்மாறாக, இவ்வளவு வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் கருவுற்றிருக்காது. கருத்தரித்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக நின்றுவிடும். ஐந்தரை மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுமந்து, ஒரே ஒரு குட்டி போடும். பிறந்த குட்டி கறுப்பாக இருக்கும் என்பதால் தாயின் வயிற்றில் தொங்கும்போதே அடையாளம் தெரியும். பால் கொடுக்கும் மாதங்களிலும் வீக்கத்தைக் காண்பது அரிது.

உள்ளே பார்த்தால் இந்த உடல் நமக்கு மிக நெருக்கம். பசுவுக்கும் நாய்க்கும் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கும். பெரோக்குக்குப் பெண்களுக்கு இருப்பதுபோல ஒரே அறை. மாதவிலக்கும் உண்டு, லேசாக இரத்தம் கண்டால் காயம் என்று நினைக்க வேண்டாம். பெண்களின் இனப்பெருக்க நோய்களை ஆராயும் மருத்துவ ஆய்வுக்கூடங்கள் இந்த இனத்தை நாடுவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்.

அப்படியானால் இதற்கு மட்டும் ஏன் வெளியே இத்தனை விளம்பரம்? பெரோக் கூட்டத்தில் பல ஆண்கள் இருப்பார்கள். வீக்கம் கருத்தரிக்கும் காலத்தைத் தோராயமாகக் காட்டும். சரியான நாளைச் சொல்லாது. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் நெருங்குவார்கள், குட்டி யாருடையது என்பது எந்த ஆணுக்கும் நிச்சயமாகத் தெரியாது. அது குட்டிக்கு ஒரு பாதுகாப்பு என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களுள் ஒன்று. பெரும்பாலும் ஒரே ஆணின் தலைமையில் வாழும் லோத்தோங் குரங்கிடம் இந்த வீக்கம் கிடையாது. வால்பாறைப் பக்கத்துச் சிங்கவால் குரங்குக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களில் திரியும் நாட்டுக்குரங்கு பல ஆண்களோடு வாழ்ந்தும் இப்படி வீங்குவதில்லை. ஆகவே இந்த ஒரு காரணத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

ஹவுலர் குரங்கு நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்வது, வேறு கிளை. அதற்கும் ஒற்றை அறைக் கருப்பைதான். ஆனால் பெரோக் அளவுக்கு வீங்காது. சில இனங்களில் பிறப்புறுப்புப் பகுதி லேசாகப் பருத்து நிறம் மாறும், அவ்வளவுதான். மரத்தின் உச்சியில் இருக்கும் குரங்கிடம் அதை டிவியில் எங்கே கவனிப்பது!

உண்மையான காயத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மாதச் சுழற்சி வீக்கம் இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே அளவில், தோல் கிழியாமல் இருக்கும். குரங்கு வழக்கம்போல் தின்னும், ஏறும், தாவும். வீக்கம் ஒரு பக்கமாக மட்டும் இருந்தாலோ, சீழ் வடிந்து ஈ மொய்த்தாலோ, குரங்கு கூட்டத்தை விட்டுத் தனியே சுருண்டு கிடந்தாலோ வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெரோக் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கடித்தால் தொற்று வரும் அபாயமும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பேராக்கின் செகாரியில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், செம்பனைத் தோட்டத்துக்குள் வரும் பெரோக் கூட்டங்கள் எலிகளைப் பிடித்துத் தின்பது தெரியவந்தது. ஒரு கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தீர்க்கும் என்று கணக்கிட்டார்கள். இந்த இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாதாமாதம் வீங்கி வற்றும் ஒரு பெண் குரங்கு உங்கள் தோட்டத்தில் இருப்பது நல்ல செய்திதான். வேலிக்கு இந்தப் பக்கம் தீனி மட்டும் வைக்காதீர்கள்.