அச்சாரம் வாங்கிய வீடும் பேங்கின் சம்மதமும்

வியாபாரச் சகோதரர்களே! கடையில் சரக்கும் பணமும் கைமாறினால் பேரம் முடிந்தது. வீட்டு விற்பனை அப்படியன்று. அதிலும் பேங்குக் கடன் நிற்கும் வீடானால், விற்பவர் விலைக்கு ஒப்பி அச்சாரம் வாங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. தஞ்சோங் ரம்புத்தானிலும் ஈப்போ வட்டாரத்திலும் வீடு வாங்கவோ விற்கவோ எண்ணும் நம்மவர்கள் இதைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஓர் உதாரணம் கொள்வோம். பேங்குக்குச் சேரவேண்டிய பாக்கி 250,000 வெள்ளி. பேசி முடித்த விலை 220,000 வெள்ளி. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்; ஆனால் கிராண்டில் பேங்கின் ஈடு பதிவாகியிருக்கிறது. பாக்கி முழுதும் தீர வேண்டும். அல்லது குறைந்த தொகைக்குப் பேங்கே எழுத்து மூலம் இசைய வேண்டும். இல்லையேல் ஈடு நீங்காது. இஸ்லாமிய முறையில் பெற்ற கடனுக்கும் இதுவே விதி. பேங்கு ஈட்டை விடுவித்தாலும், எஞ்சிய 30,000 வெள்ளியைத் தள்ளுபடி செய்ததாக எழுதித் தராதவரை அது வீட்டுக்காரர் தலைமேலேயே நிற்கும்.

ஆகவே வாங்குபவர் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, கடனை மீட்க வேண்டிய தொகை எவ்வளவு என்ற பேங்கின் கணக்கை எழுத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவது, குறித்த நாளுக்குள் பேங்கின் இசைவு வராவிட்டால் அச்சாரம் முழுதும் திரும்ப வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூன்றாவது, வழக்கமாகப் பத்துச் சதவீதமாகும் முன்பணத்தை விற்பவர் கையில் கொடாமல் வழக்கறிஞரிடம் அமானத்தாக வைக்க வேண்டும். நான்காவது, ஒப்பந்தம் கையெழுத்தானதும் கிராண்டில் கேவியட் பதிந்துகொள்ளலாம். அது ஆறு ஆண்டு நிற்கும். ஆயினும் முன்னரே பதிவான பேங்கின் உரிமையை அது வெல்லாது.

இனி விற்பவரின் கடமை. பேங்கின் பதிலுக்குக் காத்திருக்கையில் வேறொருவர் பத்தாயிரம் கூட்டிக் கேட்டால் என்ன செய்வது? ஒரு சகோதரர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றவர் குறுக்கிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிக் கேட்பதையும் தடுத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாமவரிடம், வீடு பேசி முடிந்தது, முதல் பேரம் முறிந்தால் தெரிவிப்போம் என்று சொல்வதே நேர்மை. பேங்கு விலை போதாதென்றால், முதலில் பேசியவரிடமே அதைத் தெரிவிக்க வேண்டும். அவர் விலகிய பின்னரே அடுத்தவருக்கு இடம். அவ்வாறே, தம் உறவினருக்கு மலிவாக விற்க ஏற்பாடு செய்துகொண்டு, அந்த உறவை மறைத்துப் பேங்கின் சம்மதம் பெறுவதும் மோசடியே. பேங்குக்குரிய ஹக்கும் ஹக்குத்தான்.

காத்திருப்பதாலேயே ஏலம் நின்றுவிடும் என்று எவரும் எண்ணவேண்டாம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, கிராண்டின் வகையைப் பொறுத்து உயர் நீதிமன்றமோ நில நிர்வாகியோ ஏல உத்தரவு பிறப்பிக்கலாம். ஏலம் முடியும் முன் பாக்கியனைத்தையும் கட்டினால் வீட்டை மீட்கலாம். ஏலம் முடிந்தபின் அந்த வாசல் அடைபட்டுவிடும். ஏலத்தில் எடுத்தவரும் 120 நாளுக்குள் மீதியைக் கட்டியாக வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும்.

எனவே தவணை தடுமாறும் சகோதரர்கள் நோட்டீசு வரும்வரை காத்திராமல் பேங்கிடம் பேச வேண்டும். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையத்தையும் நாடலாம். கடன்பட்டு நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படி திருக்குர்ஆன் பகரா அத்தியாயத்தின் 280-ஆவது வசனம் பணிக்கிறது. ஒருவருடைய கஷ்டத்தால் மலிவாகக் கிடைக்கும் வீட்டை வாங்குபவர், கொடுத்த வாக்கிலாவது உறுதியாக நிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்துச் செய்வானாக. ஆமீன்.