கிளிப்பிள்ளை என்று சொல்வதற்கு முன்

பொருள் புரியாமல் பாடத்தை ஒப்பிக்கும் குழந்தையைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோம். சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் கிளியின் அறிவு என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கருத்து. நான் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெரியப்பா வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வளர்கிறது. அதைப் பற்றி அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடிப் படித்ததில், கிளியைப் பற்றி மட்டுமல்லாமல் கற்றல் கற்பித்தல் பற்றியும் நாம் பேச வேண்டியது நிறைய இருப்பதாகத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சாம்பல் கிளிக்கு மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும் தாயகம். உடல் சாம்பல் நிறம், வால் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. ஏறத்தாழ 400 கிராம் எடையும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்டது. குஞ்சுப் பருவத்தில் கண்ணின் வளையம் கறுத்திருக்கும். வளர வளர வெளிர்மஞ்சளாக மாறும். நம் மரங்களில் பறக்கும் பச்சைக்கிளிக்கு உறவுதான் என்றாலும் குணத்தில் தனி ரகம்.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்கு ஐரீன் பெப்பர்பெர்க் என்ற இளம் ஆய்வாளர் போனார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பறவைகள் மீதுள்ள ஆர்வம் அவரை வேறு துறைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கூண்டில் இருந்த சாம்பல் கிளிகளில் ஏதாவது ஒன்றைக் கடைக்காரரே எடுத்துத் தரட்டும் என்றார். கெட்டிக்காரப் பறவையாகத் தேடிப் பொறுக்கினார் என்று பின்னாளில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படிக் கையில் வந்த ஒரு வயதுக் கிளிதான் அலெக்ஸ். 2007 செப்டம்பரில் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அது அவரிடம் கற்றது.

ஏறக்குறைய ஐம்பது பொருள்களுக்கு அலெக்ஸ் பெயர் சொன்னது. ஏழு நிறம், ஐந்து வடிவம், ஆறு வரை எண்ணிக்கை ஆகியவற்றையும் அறிந்திருந்தது. இரண்டு பொருள்களைக் காட்டி ‘எது ஒன்றாக இருக்கிறது?’ என்றால் ‘நிறம்’ என்றோ ‘வடிவம்’ என்றோ விடை வரும். ‘எது வேறு?’ என்றாலும் சொல்லும். ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லவும் கற்றிருந்தது. ஒருமுறை தட்டில் மூன்று நிறங்களில் பொருள்கள் இருந்தன: ஒரு நிறத்தில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மற்றொன்றில் ஆறு. ‘மூன்றாக இருப்பது எந்த நிறம்?’ என்று கேட்டார்கள். அலெக்ஸ் திரும்பத் திரும்ப ‘ஐந்து’ என்றது. அலுத்துப்போன பெப்பர்பெர்க், ‘சரி, ஐந்தாக இருப்பது எந்த நிறம்?’ என்று கேட்டார். ‘இல்லை’ என்றது கிளி. ஐந்து கொண்ட தொகுதி தட்டில் இல்லை. எண்ணிக்கையில் இன்மையைக் குறிக்க அந்தச் சொல்லை அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை.

இதை மொழி என்று பெப்பர்பெர்க் சொல்லவில்லை. மனிதரும் பறவையும் இருபுறமும் பரிமாறிக்கொள்ளும் குறியீட்டு முறை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அந்த எச்சரிக்கை தேவையானதுதான். கணக்குப் போடுவதாகப் பெயரெடுத்த ‘ஹான்ஸ்’ என்ற குதிரை, கேட்பவரின் முகத்தையும் உடலசைவையும் பார்த்துத்தான் விடை சொன்னது என்று 1907இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த வரலாறு உண்டு. குதிரைக்குக் குளம்பைத் தட்டத் தொடங்குவதும் நிறுத்துவதும் மட்டுமே வேலை. அலெக்ஸோ ஒவ்வொரு விடையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறம், வடிவம், எண்ணிக்கை என்று கேள்விகளும் கலந்து வரும். சைகை பார்த்துச் சமாளிப்பது அங்கே எளிதன்று.

நம்மைப் போன்றவர்களுக்கு அலெக்ஸ் என்ன கற்றது என்பதைவிட எப்படிக் கற்றது என்பதே முக்கியம். கிளிக்குச் சொல் கற்றுத்தர, அதன் எதிரே உட்கார்ந்து அதே சொல்லை நூறு முறை சொல்வதுதான் எல்லோரும் செய்வது. பெப்பர்பெர்க் அதைச் செய்யவில்லை. டீட்மார் டாட் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் வழியை எடுத்துச் செம்மைப்படுத்தினார். கிளியின் முன்னால் இரண்டு மனிதர்கள் இருப்பார்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். ஆசிரியர் ஒரு தக்கையைக் காட்டி ‘இது என்ன?’ என்பார். மாணவர் ‘தக்கை’ என்றால் பாராட்டு, கூடவே அந்தத் தக்கையும் கிடைக்கும். தவறாகவோ தெளிவில்லாமலோ சொன்னால் ஆசிரியர் கடிந்துகொண்டு பொருளை மறைத்துவிடுவார். கிளி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மாணவராக இருப்பவர் அதற்கு ஒரே நேரத்தில் முன்மாதிரியும் போட்டியாளரும் ஆவார். ‘அந்தத் தக்கை எனக்கு வேண்டும்’ என்ற ஆசை எழும்போதுதான் அந்தச் சொல்லுக்கும் தேவை பிறக்கிறது.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. மனிதர்கள் இருவரும் பாத்திரங்களை மாற்றிக்கொள்வார்கள். மாணவர் கேட்பார், ஆசிரியர் விடை சொல்வார். டாட் இப்படி மாற்றவில்லை. அவருடைய கிளிகள் உரையாடலின் ஒரு பாதியை மட்டுமே கற்றன. ஆசிரியராக இருந்தவரிடம் மட்டுமே பதில் பேசின. இரண்டாவது நுணுக்கம் பரிசைப் பற்றியது. ‘தக்கை’ என்று சரியாகச் சொன்னதற்குப் பழத்துண்டைக் கொடுத்தால் தக்கை என்ற ஒலி எதைக் குறிக்கிறது என்பதில் குழப்பம் வரும். எனவே எதன் பெயரைச் சொன்னதோ அதுவே பரிசு. தக்கை வேண்டாம், கொட்டைப்பருப்புதான் வேண்டும் என்றால், முதலில் சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு அதைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு சரியான விடைக்கும் மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. இதைப் படித்த பிறகு அது வலுத்தது.

இதே ஆய்வகத்தில் வேறு இளம் கிளிகளை வைத்து இன்னொரு சோதனையும் நடந்தது. சில சொற்களை நேரடிப் பயிற்சியில் கற்பித்தார்கள். சிலவற்றை ஒலிநாடாவிலும், சிலவற்றை அலெக்ஸ் பயிற்சி பெறும் காணொலியிலும் மட்டும் காட்டினார்கள். எதிரே மனிதர்கள் பேசிப் பழக்கிய சொற்களைக் கிளிகள் பொருளறிந்து சொன்னன. ஒலிநாடாவும் காணொலியும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை. திறன் வகுப்பறைத் திரையின் முன் குழந்தைகளை உட்காரவைத்துவிட்டுப் பதிவேடு எழுதப் போகும் நாள்களில் இது நினைவுக்கு வந்தால் நல்லது. கிளிக்கு நடந்தது குழந்தைக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டாம் வகுப்பில் எழுத்தொலி பழக்கும்போது, எங்கள் பள்ளித் தொடக்கநிலை ஆசிரியை ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருமாகக் கேட்டும் சொல்லியும் நடிக்கிறார். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொள்கிறார்கள். வாய் திறக்காத இரண்டு பிள்ளைகள் ‘நான் கேக்கறேன் டீச்சர்’ என்று எழுந்து வந்ததை நான் பார்த்தேன்.

எழுத்தொலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அலெக்ஸுக்குப் பல வண்ண நெகிழி எழுத்துகளைக் காட்டி ஒலிகளைப் பழக்கியிருந்தார்கள். ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் பிறகு அது ‘நட் வேண்டும்’ என்றது. ‘பொறு’ என்று அடுத்த எழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அது ‘நட் வேண்டும்’ என்று சொல்லி, ‘ந்ன்... அ... ட்’ என்று ஒலி ஒலியாகப் பிரித்துச் சொன்னது!

எப்போதும் இப்படி ஒத்துழைத்ததாக நினைக்க வேண்டாம். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் சரியான விடையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லும், தட்டைத் தள்ளிவிடும், ‘திரும்பிப் போகணும்’ என்று கேட்கும். சலிப்பு வந்தால் மதிப்பெண் குறையும் என்பது அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

சலிப்பு ஆய்வகத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. வீட்டுக் கூண்டில் உடம்பைக் கெடுக்கிறது. என் மாணவனின் பெரியப்பா வீட்டுக் கிளி குக்கர் விசில் அடிக்கும், கைப்பேசி மணி போல ஒலிக்கும், பெரியம்மா குரலில் பேரனைக் கூப்பிடும். விருந்தினர்கள் ரசிப்பார்கள். ஆனால் அதன் மார்பில் இறகு இல்லை. ‘தலையில மட்டும் இறகு நல்லா இருக்கு டீச்சர், மத்த இடத்துல ஏன் கொட்டுது?’ என்று அவன் கேட்டான். கேள்வியிலேயே விடைக்கு வழி இருந்தது. தன் அலகு எட்டாத ஒரே இடம் தலைதான். தலை முழுமையாக இருந்து மார்பும் கால்களும் மொட்டையாக இருந்தால், கிளி தானே பிடுங்கிக்கொள்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. வைரஸ் நோயாலும் சத்துக் குறைவாலும்கூட இறகு போகலாம். அவர்கள் வெறும் சூரியகாந்தி விதைதான் போட்டுவந்தார்கள். அதில் கொழுப்பு மிகுதி, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ தருவனவும் குறைவு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து வலிப்பு வருவது சாம்பல் கிளிகளிடம் நன்கறிந்த சிக்கல். கேரட், பூசணி, பப்பாளி, கீரை ஆகியவற்றோடு காலை வெயிலும் வேண்டும். வெண்ணெய்ப்பழம் என்னும் அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள தவா அளவுமீறிச் சூடாகும்போது வரும் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அந்தக் கூண்டு சமையலறை வாசலில் இருந்தது. அன்றே இடம் மாறியது.

மருத்துவர் நோயில்லை என்றார். மிச்சமிருந்தது தனிமை. காட்டில் இந்தப் பறவை கூட்டமாக வாழும். எண்ணெய்ப்பனை முதலிய பழங்களைத் தேடியே பகலின் பெரும்பகுதி கழியும். கிண்ணத்தில் நிரப்பி வைத்தால் அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு நாள் முழுவதும் என்ன செய்வது? உணவை எளிதில் எடுக்க முடியாதபடி வைத்துத் தேடவிட்டபோது இறகு பிடுங்குவது குறைந்ததாக 2008இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு காட்டியது. பருப்பைக் காகிதத்தில் சுருட்டி, சிரட்டைக்குள் வைத்து, ஓலை செருகி அடைப்பது மாணவனின் பொறுப்பாயிற்று. தனிமையின் பாதிப்பு உயிரணு வரை எட்டுகிறது. நம் குரோமோசோம்களின் நுனியில் உள்ள டெலோமியர் வயதாக ஆகக் குறையும். தனியாக அடைபட்ட ஒன்பது வயதுச் சாம்பல் கிளிகளின் டெலோமியர், துணையோடு வாழ்ந்த, இருபத்து மூன்று வயது மூத்த கிளிகளுடையதற்கு நிகராகக் குறைந்திருந்ததை 2014இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கத்தலுக்கும் காரணம் உண்டு. கூட்டத்தில் ஒன்றையொன்று காணாதபோது குரல் கொடுத்துப் பதில் பெறுவது கிளிகளின் இயல்பு. வீட்டார் அடுத்த அறைக்குப் போனதும் அது கத்துவது ‘இருக்கிறீர்களா?’ என்ற கேள்விதான். ஒரு சிறு சீழ்க்கையால் பதில் சொன்னால் பெரும்பாலும் அடங்கும். ‘சும்மா இரு!’ என்று திரும்பக் கத்தினால் கத்தலுக்குப் பரிசு கொடுத்ததாகும். கண்பாவை விரிந்தும் சுருங்கியும் துடித்தால் உணர்ச்சி மிகுந்திருக்கிறது, கையை நீட்டக் கூடாது. இறகை உடலோடு ஒட்டிப் பின்னால் சாய்ந்தால் பயம். தலை குனிந்து கழுத்து இறகைச் சிலிர்த்தால் கோதிவிடச் சொல்கிறது. இவற்றை அந்த மாணவன் இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதிவந்தான். எட்டாம் வகுப்புச் செயல்திட்டத்துக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆறு வாரத்தில் மார்பில் சாம்பல் துளிர்கள் வந்தன. குடும்பம் ஒரு திருமணத்துக்குப் போய் நான்கு நாள் பக்கத்து வீட்டில் விட்டபோது மறுபடியும் பிடுங்கிவிட்டது. இப்போது யாராவது ஒருவர் வீட்டில் தங்குகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒன்று வாங்கலாமா என்று நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடித்தும் காடுகளை அழித்தும் கானா நாட்டில் 1992க்குப் பிறகு இவற்றின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. 2016இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டில் பிடித்த கிளிகளின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017 முதல் தடை. நம் நாட்டில் இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுயிர், அதைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாம்பல் கிளியைப் பதிவு செய்து வைத்திருக்கலாம் என்றால் இதையும் வைத்திருக்கலாம்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

நல்ல பராமரிப்பில் சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. மாணவன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தான். கிளிக்கு ஆறு வயது, பெரியப்பாவுக்கு ஐம்பத்து நான்கு. கிளிக்கு ஐம்பது ஆகும்போது பெரியப்பாவுக்குத் தொண்ணூற்றெட்டு. ‘அப்போ யாரு பாத்துக்குவாங்க பெரியப்பா?’ என்று அவரிடமே கேட்டிருக்கிறான். ‘உனக்கு அப்ப என்ன வயசுடா?’ என்றாராம் அவர். ஐம்பத்தேழு என்று கணக்குக்குக் கீழே எழுதியிருந்தான்.