பாசி காத்த உயிர்கள்

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. காயமுற்ற வீரர்களின் புண்களைக் கட்டப் பஞ்சு மிகுதியாக வேண்டியிருந்தது. வெடிமருந்து செய்யவும் அப்பஞ்சே தேவைப்பட்டமையால் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. அந்நாளில் எடின்பரோ நகரத்து அறுவை மருத்துவர் காத்கார்ட்டும், தாவரவியல் அறிஞர் பால்ஃபரும், சதுப்பு நிலங்களில் செழித்து வளரும் ஸ்பாக்னம் என்னும் பாசி பஞ்சுக்கு ஈடாகும் என எடுத்துக்காட்டினர்.

உலர்ந்த அப்பாசி, தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை உறிஞ்சவல்லது. ஆதலின், குருதியையும் சீழையும் பஞ்சினும் மிகுதியாக ஏற்றது. அதன் செல்சுவர்கள் அமிலத் தன்மையை உண்டாக்குவதால், நோய்க்கிருமிகள் அதனிடத்து எளிதில் பெருகவில்லை. ஸ்காட்லாந்து நாட்டுப் பெண்களும் சிறுவர்களும் சேற்றில் இறங்கிப் பாசியைத் திரட்டினர். உலர்த்தித் தூய்மை செய்து, மெல்லிய துணிப்பைகளில் இட்டு, மருத்துவமனைகளுக்கு அனுப்பினர்.

காலின்கீழ் மிதிபடும் பாசியும் உயிர் காத்தது. ஆராய்ந்து அறிவார்க்கு இயற்கையில் பயனற்ற பொருள் அரிது.