இல்லாத லைனுக்கு எதற்கு வாடகை?

ஈஸ்ட் ஹாம், ஹரோ, டூட்டிங் என்று லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி தப்பாமல் வருகிறது. "அண்ணை, நாங்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பிலதான் கதைக்கிறம். லேண்ட்லைனைத் தொடுறதே இல்லை. ஆனா லைன் இல்லாட்டி இன்ரநெற் தரமாட்டாங்களாமே? அப்ப எங்க மலிவா லைன் வாடகை எடுக்கலாம்?" கேட்பவர் கடை முதலாளியாக இருப்பார், தாதியாக இருப்பார், பிள்ளையைக் கணினிப் பொறியியல் படிக்கவைக்கும் தகப்பனாகவும் இருப்பார். எல்லோருக்கும் இதைச் சொன்னது யாரோ ஒரு மச்சான். அந்த மச்சானை மட்டும் இன்னும் என் கண்ணில் யாரும் காட்டவில்லை.

அவசரக்காரர்களுக்காக விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இன்று வீட்டு இன்டர்நெட்டுக்குத் தொலைபேசி லைன் தேவையில்லை. தனியாக 'லைன் வாடகை' என்று ஒரு சரக்கு புதிய வாடிக்கையாளருக்கு விற்பனையிலேயே இல்லை. விற்பனையில் இல்லாத பொருளை மலிவாக வாங்க வழி கேட்டால் நான் என்ன சொல்வது?

"அப்போ இவ்வளவு வருஷம் கட்டினது?" என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம்தான். ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. தெருப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் ஒரே சோடி செப்புக் கம்பியில் கீழ் அலைவரிசையில் குரலும் மேல் அலைவரிசையில் இன்டர்நெட்டும் ஓடின. இரண்டையும் பிரிக்கச் சுவரில் ஒரு சின்ன வெள்ளை ஃபில்டர் தொங்கியது, நினைவிருக்கும். கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் அவற்றை மற்ற நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் தொலைபேசி லைனாகத்தான் மொத்த விலைக்குக் கொடுத்தது. பிராட்பேண்ட் அதன் மேலே ஏறி வந்தது. ஆகவே ரிசீவரையே தூக்காத வீடும் லைனுக்குப் பணம் கட்டியது.

நிறுவனங்களுக்கு இது நல்ல ஒளிவிடமாகவும் இருந்தது. 'பிராட்பேண்ட் மாதம் சில பவுண்ட்தான்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதைப்போல் பல மடங்கு லைன் வாடகை அடியில் எறும்பு எழுத்தில் கிடக்கும். விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தலையிட்டு, 2016 அக்டோபர் 31 முதல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகத்தான் காட்ட வேண்டும் என்று விதித்தது. அதற்குப் பிறகு விளம்பரங்களில் லைன் வாடகை என்ற தனி வரி இல்லை. பத்து வருடத்துக்கு முன் அழிந்த வரியை நம் வீடுகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"இல்லையண்ணை, 11.99க்கு லைன் இருக்காம், எனக்குத் தெரிஞ்ச ஒராள் எடுத்தவர்." இந்தக் கதைக்கும் மூலம் உண்டு. மொத்த விலை சுமார் கால்வாசி குறைந்த அதே வருடங்களில் சில்லறை வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனதைத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2017இல் கையும் களவுமாகப் பிடித்தது. பிடி (BT) தொலைபேசி நிறுவனம் அந்த வாடகையை 7 பவுண்ட் குறைக்க ஒப்புக்கொண்டு, 2018 ஏப்ரலில் 18.99ஐ 11.99 ஆக்கியது. யாருக்கு? பிராட்பேண்டே எடுக்காமல் வெறும் தொலைபேசி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இன்டர்நெட்டில் கதைக்கும் குடும்பத்துக்கும் அந்த விலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாட்டிக்குக் கிடைத்த கழிவைப் பேரன் கேட்டு அலைகிறான்.

கதையின் கடைசி ஆணி 2023 செப்டம்பரில் அடிக்கப்பட்டது. அந்த மாதத்திலிருந்து ஓப்பன்ரீச் பழைய அனலாக் லைனுக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. தெருவரை ஃபைபர், வீட்டுக்குள் செப்பு என்று வரும் இணைப்பைக்கூட இப்போது தொலைபேசிச் சேவை ஏதும் இல்லாமலே விற்கிறார்கள். வீட்டுவரை ஃபைபர் என்றால் செப்பே இல்லை. விர்ஜின் மீடியா நிறுவனத்தின் கேபிள் வழி இன்டர்நெட்டுக்குத் தொலைபேசி லைன் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. அந்தக் கேபிள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் லைன் வாடகை பற்றிக் கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிடுகிறேன். (ஹல் நகரத்தில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். அங்கே ஓப்பன்ரீச் ராஜ்யம் இல்லாமல் கேகாம் என்ற உள்ளூர் நிறுவனம் கோலோச்சியதால் உங்கள் வரலாறு வேறு.)

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தொலைபேசி சேர்க்காமல் பிராட்பேண்ட் மட்டும் என்ன விலை?" விற்பனைப் பிரதிநிதி, 'போனும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்தான்' என்பார். அந்தக் கொஞ்சத்தை ஒப்பந்தத்தின் இருபத்துநான்கு மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். அளவில்லாத நிமிடங்களோடு வரும் சிம் பத்துப் பவுண்டுக்குக் கீழே கிடைக்கும் நாட்டில், தொடாத ரிசீவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகை வாங்கும் வீடுகளுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. பல நிறுவனங்கள் அவர்களுக்கென்று சலுகைக் கட்டணம் வைத்திருக்கின்றன. 2023இல் ஆஃப்காம் கணக்குப் பார்த்தபோது, தகுதியுள்ள வீடுகளில் சுமார் ஐந்து சதவீதம்தான் அதை எடுத்திருந்தது. கோயில் மண்டபத்தில் தேர் எத்தனை மணிக்கு என்று அறிவிக்கும் ஒலிபெருக்கியில் இதையும் ஒருமுறை அறிவிக்கலாம்.

இனி, லைனை விட மறுப்பவர்கள் கடைசியில் எடுக்கும் ஆயுதம்: "நம்பர் போயிடுமே!" பெரியம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும் நம்பர், பள்ளிக்கூடத்தில் கொடுத்த நம்பர், ஊரில் நாட்குறிப்பில் எழுதி வைத்த 020 நம்பர். நம்பர் வேறு, கம்பி வேறு. இந்த நாட்டில் நம்பரை உங்களோடு எடுத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு. இன்டர்நெட் வழித் தொலைபேசி தரும் சிறிய நிறுவனங்கள் பல இருக்கின்றன. சிலவற்றில் ஒரு நம்பரை வைத்திருக்க மாதம் இரண்டு பவுண்ட்கூட ஆவதில்லை. மாற்றுவதற்கு ஒருமுறைக் கட்டணம் கேட்கலாம். பழைய போனையே பாவிக்க ஆசை என்றால், ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே அடாப்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தால் போதும். கைபேசியில் ஒரு செயலி போட்டால் அதே நம்பர் சட்டைப்பையில் ஒலிக்கும். என் தொழிலே இதுதான். கடைகளுக்கும் கணக்காளர் அலுவலகங்களுக்கும் செய்து கொடுப்பதை வீட்டுக்குச் செய்வதில் ஒரு மந்திரமும் இல்லை.

ஆனால் வரிசை முக்கியம், இங்கேதான் பலர் கையைச் சுடுகிறார்கள். கோபத்தில் பழைய நிறுவனத்துக்கு அடித்து, "எல்லாத்தையும் நிற்பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பிறகு நம்பரைத் தேடாதீர்கள். அதுபோல, செப்பு லைனில் பிராட்பேண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நம்பரை மட்டும் வெளியே எடுத்தால், லைனோடு பிராட்பேண்டும் சேர்ந்து நின்றுவிடும். புதிய பிராட்பேண்டை முதலில் புது இணைப்பாக எடுங்கள். அது ஓடத் தொடங்கியபின் நம்பரை மாற்றக் கொடுங்கள். பழைய லைன் அதோடு முடியும். ஒப்பந்தக் காலம் மீதி இருந்தால் அபராதம் எவ்வளவு என்று முன்னரே கேளுங்கள். 2024 செப்டம்பரில் வந்த ஒரே சொடுக்கில் நிறுவனம் மாறும் ஏற்பாடு வசதியானதுதான். ஆனால் அது பழைய ஒப்பந்தத்தைத் தானாகவே முடித்துவைக்கும். நம்பர் வேண்டாதவர்களுக்கு அது சுகம். வேண்டியவர்கள் கவனிக்காமல் அழுத்தினால் நம்பரும் அதோடு போகலாம்.

"2027இல லேண்ட்லைனே இல்லாமல் போகுதாம்" என்பது பாதி உண்மை. பழைய அனலாக் வலையமைப்பை அணைக்க முதலில் 2025 முடிவு என்றார்கள், பிறகு 2027 ஜனவரி 31க்குத் தள்ளினார்கள். அணைவது பழைய தொழில்நுட்பம். தொலைபேசி இன்டர்நெட் வழியாகத் தொடரும், போன் கம்பியைச் சுவருக்குப் பதில் ரவுட்டரில் செருகுவீர்கள். இன்டர்நெட்டே வேண்டாத முதியவர்களுக்கு இடைக்கால ஏற்பாடும் உண்டு. இந்த மாற்றத்துக்குப் பணம் கட்டு, வங்கி அட்டை எண் சொல்லு என்று யாராவது அழைத்தால் அவன் திருடன். வையுங்கள் போனை.

கரண்ட் போனால்? இதில் மட்டும் நான் குரலைத் தாழ்த்துகிறேன். பழைய லைனுக்கு மின்சாரம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே வந்தது. ஆகவே வீடு இருண்டாலும் கம்பி போட்ட போன் பேசியது. ரவுட்டரில் செருகிய போன் ரவுட்டரோடு செத்துவிடும். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கம்பியில்லாப் போன். அதன் அடித்தட்டு சுவர் பிளக்கில்தான் குந்தியிருக்கிறது. கரண்ட் போன மறுகணம் அதுவும் செத்துவிடும். இதற்காகவா வருடக்கணக்காக வாடகை கட்டினீர்கள்?

உண்மையான ஆபத்து, விழுந்தால் அழுத்துவதற்குக் கழுத்தில் பொத்தான் மாட்டியிருக்கும் பெரியவர்களுக்கு. பிரிட்டனில் சுமார் 18 லட்சம் பேர் இப்படியான அவசரக் கருவிகளை நம்பியிருக்கிறார்கள். சில கருவிகள் டிஜிட்டல் மாற்றத்தில் வேலை செய்யாமல் போயின. அதனால் 2023 டிசம்பரில் அரசு பெரிய நிறுவனங்களைக் கூட்டி, இவர்களை யோசிக்காமல் மாற்றமாட்டோம் என்று எழுதி வாங்கியது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில் ஆர்வன் புயல் வட பகுதிகளில் வீடுகளை நாள்கணக்கில் இருளில் வைத்தது. மறு மார்ச்சில் பிடி தன் டிஜிட்டல் மாற்றத்தையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையைப் பார்த்து எதையும் பிடுங்காதீர்கள். முதலில் கருவி நிறுவனத்திடமும் தொலைபேசி நிறுவனத்திடமும் பேசுங்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணான 999 கிடைக்க இலவசமாக வழி செய்ய வேண்டும் என்பது ஆஃப்காமின் நிபந்தனை. பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் 999 அடிக்க முடியாது. இன்டர்நெட் தொலைபேசி நம்பரில் முடியும், ஆனால் நீங்கள் இருக்கும் முகவரியை அந்த நிறுவனத்தில் பதிந்திருக்க வேண்டும். சிம் இல்லாத பழைய கைபேசியை 'ஆபத்துக்கு' என்று மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது வீண். இந்த நாட்டில் சிம் இல்லாமல் 999 போகாது. 0800க்கு லேண்ட்லைனிலிருந்து அடித்தால்தான் இலவசம் என்பது 2015 ஜூலையோடு முடிந்த கதை. நீண்ட காலம் இருந்தால் நிறுவனம் மதித்து விலை குறைக்கும் என்பது வெறும் ஆசை. ஒப்பந்தம் முடிகிறது என்று அவர்கள் அனுப்பியே ஆக வேண்டிய கடிதத்தைத் திறந்து படியுங்கள்.

கடைசியாக, எனக்கு எரிச்சல் மூட்டும் முறைப்பாடு: "இன்ரநெற் கோல் விட்டு விட்டுக் கேக்குது, அதாலதான் லேண்ட்லைனை வச்சிருக்கிறம்." ஒரு குரல் அழைப்புக்குப் போகவும் வரவும் தலா நொடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் தேவை. உங்களிடம் இருப்பது அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. வேகம் கூடிய பேக்கேஜுக்கு மாறினாலும் விட்டு விட்டுத்தான் கேட்கும், ஏனென்றால் குற்றவாளி பெரும்பாலும் வைஃபை. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர், அதற்கடுத்த வீட்டு ரவுட்டர் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில், ஒன்றோடொன்று மோதாத மூன்றே மூன்று சேனல்களுக்காக அடிபடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசை. நீங்களோ ரவுட்டரை டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கிறீர்கள். தண்ணீர் அந்த அலையைக் குடிக்கும்.

கேபிள் போடுங்கள். தொலைபேசி அடாப்டர், அப்பா ஊரோடு கதைக்கும் கணினி, டிவி, நகராத எல்லாவற்றுக்கும் கேபிள். 5ஈ (Cat 5e) வகைக் கேபிள் நூறு மீட்டர்வரை தாங்கும், உங்கள் வீடு அவ்வளவு நீளமில்லை. சுவரோரப் பலகையில் கிளிப் அடித்துக் கொண்டுபோனால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. "வீடு வடிவாயிராது" என்று அக்காமார் சொல்வார்கள். இருபது மீட்டர் வெள்ளைக் கேபிள் ஒரு பெட்டி மாம்பழத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் கதைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விட்டு விட்டுக் கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். வைஃபையில் இருந்துகொண்டு கூப்பிட வேண்டாம்.