பேசிப் பழகுவோம்

ஜார்ஜ்டவுனில் 1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. 1970 முதல் நாட்டின் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. இன்று அந்நகரின் தமிழ் மாணவர் பலர் வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசுகின்றனர். ஆங்கிலத்தைத் திரைப்படத்திலும் திறன்பேசியிலும் நாள்தோறும் கேட்கின்றனர். பேசுவதற்கோ வாய்ப்புக் குறைவு.

கேட்டால் மட்டும் பேச்சு வந்துவிடுமா? கனடாவில் பிரெஞ்சுமொழி வழியாகப் பாடம் பயின்ற மாணவர்கள், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புரிந்துகொண்ட அளவுக்குப் பிழையின்றிப் பேசவில்லை. இதனை ஆராய்ந்த மெரில் சுவைன், பிறருக்குத் தெளிவாகப் புரியும்படி பேச முயலும்போதே மொழித்திறன் வளரும் என 1985இல் விளக்கினார்.

ஆகவே, மாணவர் மூவர் இயங்கலையில் ஒரு குழுவாகக் கூடலாம். எஸ்.பி.எம். ஆங்கில வாய்மொழித் தேர்வின் கலந்துரையாடலைப் போல இருவர் ஒரு தலைப்பில் உரையாடலாம். மூன்றாமவர் பிழைகளைக் குறித்துக்கொள்ளலாம். இடையில் திருத்தினால் பேச்சு தடைபடும். சிரித்தாலோ பேசும் துணிவே போய்விடும். எனவே, பேசி முடித்தபின் பிழைகளைக் கூறுவதே முறை. எது சரி என மூவருக்கும் தெரியாதபோது ஆசிரியரை நாட வேண்டும். இல்லையேல், ஒருவரின் பிழை மூவருக்கும் பழக்கமாகிவிடும்.